தாய் நிறுவனத்தின் ஆள்

ஜனவரி 6, திங்கள்

இந்த வருடம் தாய் நிறுவனத்திலிருந்து டைரி வரவில்லை. மரங்களைக் காப்பாற்றுவதற்காக டைரி அச்சடிப்பதை நிறுத்திவிட்டதாகச் சுற்றறிக்கை வந்தது. எவ்வளவு உயர்ந்த சிந்தனை! ஆகவே ஒரு ஜவுளிக்கடைக்காரர் ஓசியாகக் கொடுத்த டைரியில் எழுதுகிறேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘பட்டுக்குத் தனி மாடி’ என்று போட்டிருக்கிறது. அதைப் பார்க்காமல் எழுதப் பழகவேண்டும்.

முதல் பக்கம் என்பதால் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செண்பகராமன், நிலைய மேலாளர், விந்தியா லிங்க், தூத்துக்குடி விமான நிலையம். இதில் ஒரு சிறு திருத்தம் உண்டு. நான் லிங்க் ஆள் இல்லை, விந்தியா ஏர்வேஸ் ஆள். விந்தியாதான் தாய் நிறுவனம். டெல்லி, மும்பை, துபாய் என்று பெரிய ஜெட் விமானங்களை ஓட்டுகிறது. லிங்க் அதன் துணை நிறுவனம். பெரிய விமானம் இறங்க முடியாத ஊர்களுக்கு, இறக்கையில் காற்றாடி வைத்த சின்ன விமானங்களை ஓட்டுகிறது. டிக்கெட் விற்பது விந்தியா பெயரில், ஓட்டுவது லிங்க். தாய் நிறுவனம் என்னை இங்கே இரண்டே வருடத்துக்கு என்று சொல்லித்தான் அனுப்பியது. அப்போது என் தலையில் முடி இருந்தது.

ஊர்க்காரர்கள் லிங்க் என்று சொல்வதில்லை. லிங்கம் என்கிறார்கள். “லிங்கம் வந்துட்டா?” “இன்னைக்கு லிங்கம் லேட்டாம்லா.” நானும் திருத்திப் பார்த்துவிட்டேன்.

இன்று ஒரு பயணி கண்ணாடிக் கதவுக்கு வெளியே பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். “டிக்கெட்ல விந்தியான்னு போட்டிருக்கு. அங்க என்ன மினி பஸ் நிக்கு?” என்றார். அவர் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வெளியே சொல்லக் கூடாத பதவியில் இருக்கிறேன்.

ஜனவரி 9, வியாழன்

ஆவுடை கேட்டாள்: “தாய் தாய்ங்கிறியளே, அந்தத் தாய் ஒருநாளாவது வந்து பிள்ளைய எட்டிப் பாத்திருக்காளா?” ஆவுடை என் மனைவி. பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். நிர்வாகவியல் அவளுக்குத் தெரியாது.

ஜனவரி 20, திங்கள்

விமானத்தில் இனி சாண்ட்விச் கிடையாது. சென்னையில் உணவு சப்ளை செய்துவந்தவர்கள் திடீரென்று நிறுத்திவிட்டார்கள். இரண்டு நாள் பயணிகளுக்குத் தண்ணீரும் சிரிப்பும்தான் கொடுத்தோம். மூன்றாம் நாள் என் உதவி மேலாளர் ப்ரிசில்லா மச்சாது கோவில்பட்டிக்குப் போன் போட்டு, தெரிந்த கடையிலிருந்து கடலை மிட்டாய் வரவழைத்துவிட்டாள். என்னிடம் கேட்கவில்லை. பொட்டலத்தைக் கையில் வாங்கிய பயணிகள் என்ன சொல்வார்களோ என்று நான் பயந்தேன். ஒருவர் இறங்கும்போது இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இன்று தாய் நிறுவனத்திடமிருந்து சுற்றறிக்கை: ‘மண்ணின் சுவை, புதிய திட்டம்.’ எல்லா லிங்க் விமானங்களிலும் அந்தந்த ஊர்ப் பலகாரம் கொடுக்கவேண்டுமாம். மேலிடத்தில் எப்படித்தான் யோசிக்கிறார்களோ! ப்ரிசில்லாவிடம் காட்டினேன். படித்துவிட்டு, “நல்லாத்தான் யோசிச்சிருக்காங்க சார்” என்றாள்.

பிப்ரவரி 5, புதன்

சென்னை அலுவலகத்துக்குப் போன் போட்டால் யாரும் எடுப்பதில்லை. வேலை அவ்வளவு அதிகம்.

பிப்ரவரி 13, வியாழன்

இன்று மேனன் சாரே போன் செய்தார். தாய் நிறுவனத்தின் தென்மண்டலத் தலைவர். அவர் என்னோடு நேரடியாகப் பேசுவது தீபாவளிக்குத் தீபாவளி. என் பெயரை ஒருமுறை சரியாகவும் ஒருமுறை சண்முகராமன் என்றும் சொன்னார்.

விஷயம் இதுதான். சென்னையில் தாய் நிறுவனத்தில் பணி மேலாளர் இடம் காலியாக இருக்கிறது. அங்கே இருந்தவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாராம். அவருக்கு அடுத்தவரும் போய்விட்டாராம். அவருக்கு அடுத்தவரைப் பற்றி மேனன் சார் பேச விரும்பவில்லை. இந்தக் காலத்தில் யாருக்கும் விசுவாசமே இல்லை.

“வரீங்களா?” என்றார். நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். போனில் தெரியாது, இருந்தாலும்.

பிறகு குரலைத் தாழ்த்தி, “செண்பகராமன், இது நமக்குள்ள இருக்கட்டும். லிங்க்கைக் கழட்டி விடப் போறோம். யாராவது ஏமாந்தவன் கிடைச்சா வித்துடுவோம், இல்லேன்னா மூடிடுவோம். அது ஒரு பாரம். அதுக்குள்ள நீங்க இந்தப் பக்கம் வந்துடுங்க. ஆனா அங்க பொறுப்பை ஒப்படைக்க ஒரு ஆள் இருந்தாத்தான் உங்களை விடுவிக்க முடியும்” என்றார்.

தாய் நிறுவனம் என்னை மறக்கவில்லை. ஆவுடையிடம் சொன்னேன். விடைத்தாள் கட்டிலிருந்து நிமிராமல், “அத்தனை பேர் இறங்கி ஓடுத வண்டியில நீங்க ஓடிப் போயி ஏறப் போறியளா?” என்றாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

மத்தியான விமானம் கிளம்பிய பிறகு ப்ரிசில்லா என் அறைக்கு வந்து உட்காராமல் நின்றாள்.

“சார், உங்கட்ட ஒரு யோசனை கேக்கணும். கொச்சியில வேற ஒரு ஏர்லைன்ஸ்ல கூப்பிடுதாங்க. இந்த வாரத்துக்குள்ள பதில் சொல்லணும். நம்ம லிங்க்க விக்கப் போறாங்க, மூடப் போறாங்கன்னு வெளிய என்னென்னமோ பேசுதாங்க. உங்களுக்கு மேல எல்லாரையும் தெரியும். நான் இருக்கட்டுமா, போகட்டுமா?”

ப்ரிசில்லாவின் கணவர் கப்பலில் போகிறவர். வருடத்தில் பாதி நாள் கடலில்தான். வீட்டில் சின்னப் பிள்ளை ஒன்று, படுக்கையில் மாமியார். கொச்சிக்குப் போவது அவளுக்கும் லேசான காரியம் இல்லை.

நான் நிதானமாகச் சொன்னேன்: “இதோ பாரும்மா, வெளியில ஆயிரம் பேசுவாங்க. லிங்க்குக்கு நல்ல எதிர்காலம் இருக்கு. நான் இவ்வளவு வருஷம் பாத்தவன் சொல்றேன். இங்கேயே இரு. நாளைக்கு இந்த நாற்காலியே உனக்கு வரலாம்.”

“நீங்க சொன்னாச் சரி சார்” என்று போய்விட்டாள்.

ஓர் இளைய அதிகாரியை ஊக்கப்படுத்துவது மூத்தவர்களின் கடமை. அவள் போய்விட்டால் பொறுப்பை ஒப்படைக்க இங்கே ஆள் இல்லை என்பது வேறு விஷயம். அதை இத்துடன் சேர்த்துப் பார்க்கக் கூடாது.

ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. வத்தக்குழம்பில் ஆவுடை புளி கூடப் போட்டுவிட்டாள்.

பிப்ரவரி 24, திங்கள்

ப்ரிசில்லா கொச்சிக்கு வரவில்லை என்று எழுதிவிட்டாளாம். என் மாற்றல் உத்தரவு வந்துவிட்டது.

மார்ச் 5, புதன்

பிரிவுபசார விழா. ஊர் வழக்கப்படி முந்திரி மக்ரூன் வாங்கியிருந்தார்கள். மாலை போட்டார்கள். சாமான் ஏற்றும் வண்டி ஓட்டும் இசக்கிமுத்து மாலையைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து போட்டார். நான் பேசினேன். “என் உடல்தான் லிங்க்கில் இருந்தது, உயிர் எப்போதும் தாய் நிறுவனத்தில் இருந்தது” என்று தொடங்கினேன். அது பாராட்டாக அமையவில்லை என்பது பேசி முடித்த பிறகுதான் தெரிந்தது. இருந்தாலும் கை தட்டினார்கள்.

ப்ரிசில்லா பேசும்போது, “சார் நமக்கு இங்கயே இருக்கலாம்ங்கிற நம்பிக்கையக் குடுத்துட்டுப் போறாங்க” என்றாள். எனக்கு மாலைப் பூ ஒத்துக்கொள்வதில்லை. கண் கரித்தது.

ஆவுடை இப்போது வரமாட்டாளாம். பரீட்சை இருக்கிறதாம். “மே மாசம் பாப்போம். அதுவரைக்கும் அங்க கம்பெனி இருந்தா வாரேன்” என்கிறாள்.

மார்ச் 10, திங்கள், சென்னை

கோட்டு கொடுத்தார்கள். கருநீலம், மார்பில் தங்க நிறத்தில் மலை முத்திரை. எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போன கோட்டுதான். அவர் உயரமானவர் போல. கை நுனி விரல்களை மூடுகிறது. புதிதாகத் தைத்துத்தர இப்போது தையல்காரர் வருவதில்லையாம். பல்லாவரத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்து, கோட்டைத் தனி ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

அலுவலகத்தில் ஏசி ஓடவில்லை. மின்சார சிக்கனம். காப்பி இயந்திரம் இருந்த இடத்தில் சதுரமாக ஒரு கறை இருக்கிறது. எளிமையான சூழல். எனக்குப் பிடித்திருக்கிறது.

இங்கே உள்ளவர்கள் என்னை “லிங்க்” என்று கூப்பிடுகிறார்கள். “லிங்க், அந்த ஃபைலை எடு.” “லிங்க் சாப்பிட்டாச்சா?” பழகினால் பெயர் மனதில் பதியும்.

மார்ச் 19, புதன்

இன்று மும்பை விமானம் ரத்து. நிர்வாகக் காரணம். நான் மைக்கில் அறிவித்தேன். என் குரல் அறிவிப்புக்கு ஏற்றது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். இனி அறிவிப்பு எல்லாம் லிங்க்தான் என்று முடிவாகிவிட்டது.

மார்ச் 21, வெள்ளி

டெல்லி ரத்து. ஹைதராபாத் ரத்து. தொண்டை கட்டியிருக்கிறது.

கண்ணாடி வழியே பார்த்தேன். தூத்துக்குடி லிங்க் நேரத்துக்கு வந்து, ஆட்களை இறக்கி, ஏற்றி, நேரத்துக்குப் போய்விட்டது. சின்னக் கம்பெனிக்கு என்ன, பொறுப்புகள் குறைவு.

ஏப்ரல் 2, புதன்

லிங்க்கை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் கோயம்புத்தூரில் நூற்பாலை வைத்திருப்பவர். மேனன் சார் எங்களை எல்லாம் கூப்பிட்டு, கையைத் தட்டித் துடைத்துக்கொண்டு, “தொல்லை விட்டது” என்றார். எல்லோரும் சிரித்தோம். ஒப்பந்தம் முடியும்வரை நம் டிக்கெட்காரர்களை அவர்கள் ஏற்றிக்கொள்வார்களாம். கூடவே தங்கள் பெயரிலும் டிக்கெட் விற்பார்களாம்.

பாவம் ப்ரிசில்லா. அவளைப் பொறுப்பு நிலைய மேலாளராகப் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். நூற்பாலைக்காரருக்கு விமானத்தைப் பற்றி என்ன தெரியும்! போன் செய்து ஆறுதல் சொல்லலாம் என்று எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

மேனன் சார் நீண்ட விடுப்பில் போயிருக்கிறார். அவர் மேசையிலிருந்த குடும்பப் படத்தையும் விடுப்பில் எடுத்துப் போயிருக்கிறார்.

ஏப்ரல் 16, புதன்

எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

காலையில் விமான நிலையத்துக்கு வெளியே டீக்கடையில் நின்றபோது டீவியில் செய்தி ஓடியது. விந்தியா ஏர்வேஸ் தன் எல்லா விமானங்களையும் ‘தற்காலிகமாக’ நிறுத்திவிட்டது. டீ மாஸ்டர் என் கோட்டைப் பார்த்தார், டீவியைப் பார்த்தார். என்னிடம் காசு வாங்கவில்லை.

உள்ளே ஓடினேன். எங்கள் கவுன்ட்டர்களுக்கு முன்னால் திருவிழாக் கூட்டம். கவுன்ட்டருக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. போனில் ஒரு தகவல் வந்து கிடந்தது: ‘ஊழியர்கள் கோட்டையும் அடையாள அட்டையையும் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியேறவும்.’ யார் அனுப்பியது என்று பெயர் இல்லை.

நானும் கோட்டைக் கழற்றத்தான் போனேன். அதை எழுதாமல் இருந்தால் சரியாக இருக்காது. ஒரு கையை உருவியிருப்பேன். அப்போது ஒருவர் கவுன்ட்டர் மேலே சாய்ந்து என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார்.

“சார், நீங்க விந்தியாதானே? தூத்துக்குடிக்கு என்னய எப்படியாச்சும் அனுப்பி வச்சிருங்க.”

முப்பது வயதுக்காரர். தோளில் ஒரு பை, அவ்வளவுதான். சவூதியில் தம்மாமிலிருந்து வருகிறாராம். காயல்பட்டினத்துக்காரர், பெயர் செய்யிது மீரான்.

“வாப்பா மௌத்தாப் போயிட்டாங்க சார். மத்தியானமே அடக்கம் பண்ணுறதா இருந்தது. நான் வாரேன்னு சொன்னதாலதான் சாயங்காலம் அசர் தொழுகைக்கு மேல எடுக்கலாம்னு வச்சிருக்காங்க. நான் ஒரே ஆம்பளப் புள்ள. உங்க டிக்கெட்டுதான் சார் இது.”

போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். டிக்கெட்டில் மலை முத்திரை பளபளவென்று இருந்தது.

கோட்டுக் கையை மறுபடி மாட்டிக்கொண்டேன். “வாங்க” என்று அவரைக் கூட்டிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து லிங்க் கவுன்ட்டருக்குப் போனேன். அங்கே கவுன்ட்டருக்கு வெளியே, தோள்பையோடு ப்ரிசில்லா நின்றாள். நேற்றுப் புது முதலாளியைப் பார்க்க வந்தவளாம். அடுத்த விமானத்தில் ஊருக்குத் திரும்ப நிற்கிறாள்.

“சார்!” என்றாள். பார்வை என் கோட்டின் நீளக் கையில் போய் நின்றது.

விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் வாடியது. “சார், காலையிலயே உத்தரவு வந்துட்டு. விந்தியா டிக்கெட்டு எதையும் எடுக்கக் கூடாது. அதுவும் போக, பிளேன்ல ஒரு சீட்டு கூட இல்ல.”

மீரான் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். அழவில்லை. தோள்பை வாரை மட்டும் முறுக்கிக்கொண்டே இருந்தார். “ரயிலு இருக்கா?” என்று கேட்டார். எங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், ரயில் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

“ப்ரிசில்லா” என்றேன்.

அவள் தன் கையிலிருந்த போர்டிங் பாஸைப் பார்த்தாள். பிறகு கவுன்ட்டர்ப் பையனிடம் போய், “என் சீட்ட எடுத்துரு. இவங்களுக்கு லிங்க் பேர்லயே புதுசா ஒரு டிக்கெட்டு போடு. முதலாளிட்ட நான் பேசிக்கிடுதேன்” என்றாள். மீரானிடம் திரும்பி, “அண்ணன், ஓடுங்க. செக்யூரிட்டியில நான் சொல்லுதேன்” என்றாள். அவரோடு அவளும் ஓடினாள்.

கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நின்றேன். காற்றாடி சுற்ற ஆரம்பித்தது. இத்தனை வருடத்தில் அந்தச் சத்தத்தை நான் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

ப்ரிசில்லா மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். “ஏறிட்டாங்க.” பிறகு எங்கள் கவுன்ட்டர்ப் பக்கம் பார்த்தாள். கூட்டம் இப்போது கத்த ஆரம்பித்திருந்தது. “அங்க உங்க ஆளுக யாரும் இல்லையா சார்?”

“நான் இருக்கேன்” என்றேன். சொன்ன பிறகுதான் அது உண்மையாகிவிட்டது என்று தெரிந்தது. போகத்தான் வேண்டும்.

போனேன். அவளும் பின்னாலேயே வந்தாள். “எனக்கு ரயிலு சாயங்காலம்தான் சார். சும்மா உக்காந்து என்ன செய்யப் போறேன்” என்றாள்.

நான் மைக்கை எடுத்தேன். நிர்வாகக் காரணம் என்று வாய் பழக்கத்தில் தொடங்கியது. ஒரு பெண்மணி, “பொய் சொல்லாதய்யா!” என்று தண்ணீர் பாட்டிலை எறிந்தார். கோட்டில் பட்டது. நல்லவேளை, மூடி இறுக்கமாக இருந்தது. நிறுத்தி, மறுபடி தொடங்கினேன்: “விமானம் இல்லை. இன்னைக்கும் இல்லை, நாளைக்கும் இல்லை. எனக்கு அதுக்கு மேல ஒன்னும் தெரியாது. ஆனா நீங்க ஊருக்குப் போறதுக்கு என்ன வழின்னு பாப்போம்.” கூட்டம் அமைதியானது எனக்கே ஆச்சரியம்.

ப்ரிசில்லா ஒரு நாற்காலி மேல் ஏறிவிட்டாள். “மதுரைக்காரங்க எல்லாம் இந்தப் பக்கம்! திருச்சி, தஞ்சாவூரு அந்தத் தூண்கிட்ட! பெங்களூரு போறவங்க வாசல் பக்கம் வாங்க!” ஊர் ஊராகப் பிரித்து, வேன்காரர்களுக்கும் பஸ் கம்பெனிகளுக்கும் போன் போட்டு, சேர்ந்து போகிறவர்களைச் சேர்த்துவிட்டாள். வயதானவர்களை உட்காரவைத்தாள். டெல்லிக்காரர்களுக்கு மட்டும் எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவர்கள் திட்டுவதை நான் நின்று கேட்டேன். கேட்பதற்காவது ஒரு ஆள் இருந்தது அவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கலாம்.

கூட்டம் கலைந்தபின் இருவரும் சாமான் தள்ளுவண்டிகள் மேல் உட்கார்ந்தோம். ப்ரிசில்லா திடீரென்று சொன்னாள்:

“அன்னைக்கு நீங்க ‘இரு’ன்னு சொல்லலன்னா கொச்சிக்குப் போயிருப்பேன் சார். அந்த ஏர்லைன்ஸும் போன மாசம் ஆளக் குறைச்சிட்டானாம். புதுசா சேந்தவங்களத்தான் முதல்ல அனுப்பியிருக்கான். நம்ம முதலாளி நேத்து என்னய நிரந்தர மேனேஜராப் போட்டுட்டாவ. புதுசா ரெண்டு பிளேன் வருதாம். எல்லாம் உங்களாலதான்.”

அனுபவத்தில் சொல்வது வீண் போவதில்லை என்று பொதுவாகச் சொன்னேன். பிறகு கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். நீளமான கை, அதற்கு வசதியாக இருக்கிறது.

சாயங்காலம் அவள் ரயிலுக்குப் போனாள். விமானக் கம்பெனி மேலாளர் ரயிலில்.

ஏப்ரல் 18, வெள்ளி

மீரான் போன் செய்தார். அசருக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாராம். வாப்பாவின் முகத்தைப் பார்த்தாராம், தன் கையால் மண் போட்டாராம். “உம்மா உங்களுக்கு துஆச் செய்யுறாங்க சார். உசுரு உள்ள வரைக்கும் விந்தியாவ மறக்க மாட்டோம்” என்றார்.

நான் அவரைத் திருத்தவில்லை. துக்க வீட்டில் நிறுவன விவகாரம் பேசக் கூடாது.

மே 2, வெள்ளி, தூத்துக்குடி

வீட்டில் இருக்கிறேன். தற்காலிகம்.

மே 8, வியாழன்

ஆவுடைக்குப் பள்ளி விடுமுறை. காலையில் நானும் அவளும் வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பது எங்கள் கல்யாண வாழ்க்கையில் புதிது. தாய் நிறுவனத்தை மீட்கப் பேச்சுவார்த்தை நடப்பதாகப் பேப்பரில் வந்ததைப் படித்துக் காட்டினேன். அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டே, “தாய் போயிட்டா. பதினாறும் முடிஞ்சிட்டு. இனி பிள்ளை வீட்டுல போயி வேலை கேளுங்க” என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. அவரைக்காயில் பாதியை வாங்கி நார் எடுத்தேன்.

மே 15, வியாழன்

மேனன் சார் போன் செய்தார். இந்த முறை பெயரை ஒருதடவையும் தப்பாகச் சொல்லவில்லை. “செண்பகராமன், அந்த லிங்க்ல உங்களுக்கு ஆள் தெரியுமே, என் பேரைக் கொஞ்சம் சொல்லி வையுங்களேன்” என்றார். சொல்கிறேன் என்றேன். எனக்காகவே நான் இன்னும் போய்க் கேட்கவில்லை.

மே 26, திங்கள்

ப்ரிசில்லாவிடம் வேலை கேட்கப் போய்விட்டேன். என் பழைய அறைதான். மேசையை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறாள், வெளிச்சம் நன்றாக வருகிறது. இது எனக்கு ஏன் தோன்றவில்லை?

“வணக்கம் மேடம்” என்றேன். ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன்.

“ஐயோ சார், மேடம்னு கூப்பிடாதிய. எனக்குச் சிரிப்பு வருது” என்று எழுந்து நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்தது சரிதான். அவள் நாற்காலி.

“சார், இங்க மேனேஜர் வேலை இல்ல. கவுன்ட்டர்ல ஒரு இடம் இருக்கு. காலை ஷிஃப்ட். விடியுமுன்ன வந்திரணும். நீங்க செய்வியளா?”

“செய்வேன்.”

“ஆளு பத்தலன்னா மூட்டையும் தூக்கணும். எல்லாரும் தூக்குதோம். நானும்தான்.”

“சரி.”

“அறிவிப்பு நீங்கதான் சொல்லணும். நம்மகிட்ட யாருக்கும் உங்கள மாதிரி குரல் இல்ல” என்றாள். அது இரக்கத்தில் சொன்னதா, உண்மையில் சொன்னதா என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். இரண்டும் இருக்கலாம். மேனன் சார் பேரையும் சொன்னேன். “அவங்க மூட்டை தூக்குவாங்களா?” என்று கேட்டாள். விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 9, திங்கள்

இடுப்பு வலி. ஒருவர் ஊறுகாய் ஜாடி மட்டுமே ஒரு பெட்டி நிறையக் கொண்டுவருகிறார். சென்னையில் ஊறுகாய் கிடைக்காதா?

ஜூலை 6, ஞாயிறு

ஆவுடையின் அக்கா மகளுக்குச் சென்னையில் வளைகாப்பு. ஊழியர் குடும்பத்துக்கு லிங்க்கில் இடம் கொடுக்கிறார்கள். இருவரும் போனோம். ஆவுடைக்கு இதுதான் முதல் விமானப் பயணம். இத்தனை வருடம் விமானக் கம்பெனிக்காரன் பெண்டாட்டி முத்துநகர் எக்ஸ்பிரஸில்தான் போய்வந்தாள். ஏறினால் பெரிய விமானத்தில்தான் ஏற்றவேண்டும் என்று நான் வைத்திருந்தேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்தாள். காற்றாடி சுற்றியபோது என் கையைப் பிடித்தாள். மேலே போனதும் விட்டுவிட்டாள். கீழே உப்பளங்கள் சதுரம் சதுரமாக, ஒன்று வெள்ளையாக, ஒன்று சாம்பலாக, ஒன்று ரோஸ் நிறத்தில் தெரிந்தன. கடல் எங்கே முடிகிறது, உப்பளம் எங்கே தொடங்குகிறது என்று நான் விளக்க ஆரம்பித்தேன். “கொஞ்சம் பேசாம இருங்க. பாக்க விடுங்க” என்றாள். எனக்கும் பார்க்கத் தோன்றியது. இருவரும் சேர்ந்து அந்தச் சின்ன ஜன்னலில் தலை முட்டப் பார்த்தோம்.

சென்னையில் இறங்கி ஓடுபாதையிலிருந்து திரும்பும்போது, தூரத்து மூலையில் பெரிய ஜெட் விமானங்கள் வரிசையாக நின்றன. எஞ்சின்களைத் துணி போட்டுக் கட்டியிருந்தார்கள். சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது. உடம்பில் பெயர் இருந்த இடத்தில் நீளமாக வெள்ளை அடித்திருந்தார்கள்.

“எம்மா, எவ்வளவு பெருசு! அது யாரோடது?” என்று ஆவுடை கேட்டாள்.

“தெரியலையே” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்:

“வெள்ளை அடிச்சவன் சரியா அடிக்கல. எழுத்து தெரியுது.”